பேப்பர் பிளேட்டுக்கு ஒரு லாகின்

இந்த வருஷம் உளுந்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

சாதாரண முடிவு இல்லை. ஷவரில் நின்றுகொண்டு, தலை முழுக்க ஷாம்பு நுரையோடு, வலது கையை உயர்த்தி எடுத்த முடிவு. நுரை கண்ணுக்குள் போய் எரிந்தது. ஆனாலும் கையை இறக்கவில்லை. அப்படிப்பட்ட முடிவு.

என் பெயர் சேனாபதி. இந்தப் பெயரை வைத்தபோது என் அப்பாவுக்கு என்மீது ஏதோ நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். பாவம். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். இருப்பது டெக்சஸில், ஃபிரிஸ்கோ. வேலை ஐ.டி.யில் சீனியர் ஆர்க்கிடெக்ட். அதாவது பெட்டி வரைந்து, பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி போடுகிற வேலை. ஆபீஸில் எனக்குக் கீழே பதினேழு பேர். வீட்டில் எனக்கு மேலே ஒரே ஆள். கலாவதி. கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆகிறது.

எங்கள் சப்டிவிஷனில், அதாவது எங்கள் குடியிருப்பில், அறுபத்துநாலு தமிழ்க் குடும்பங்கள். வருஷா வருஷம் சித்திரை ஒண்ணை ஒட்டி வருகிற சனிக்கிழமை சாயங்காலம் கிளப் ஹவுஸில் கூடிச் சாப்பிடுவோம். ஆளுக்கு ஒரு ஐட்டம் கொண்டுவர வேண்டும். யார் என்ன கொண்டுவருவது என்று ஆன்லைனில் ஒரு ஷீட் திறப்பார்கள். திறந்த நாலாவது நிமிஷம் பேப்பர் பிளேட் போய்விடும். அஞ்சாவது நிமிஷம் ஐஸ் கட்டி. ஆறாவது நிமிஷம் சோடா, நாப்கின், குப்பைப் பை. அதற்கப்புறம் ஷீட் காற்று வாங்கும். சாம்பார், பிரியாணி, வடை எல்லாம் சீந்துவாரில்லாமல் கிடக்கும். வருஷம் முழுக்க வாய் ஓயாமல் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற கூட்டம், அன்றைக்கு ஒரு நாள் குப்பைப் பைக்கு அடித்துக்கொள்ளும்.

கலாவதி எதற்கும் அடித்துக்கொள்ள மாட்டாள். ஆற அமர வந்து, "மெதுவடை 200" என்று எழுதுவாள். ஷீட்டில் பெயர் அவளுடையது. வடை என்னுடையது.

முதல் நாள் ஊறப் போடுவது நான். கிரைண்டரில் ஆட்டுவது நான். வீட்டுக்குள் எண்ணெய்ச் சட்டி வைத்தால் ஸ்மோக் அலாரம் கத்தும் என்று கராஜில் அடுப்பு வைத்து, காலை ஆறு மணியிலிருந்து இரண்டு காருக்கு நடுவே நின்று சுடுவதும் நான். போன வருஷம் கராஜிலிருந்து புகை வருவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர்கள் ஆறு பேர். போன வடை பதினெட்டு. சாயங்காலம் கிளப் ஹவுஸில் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "கலா, உன் வடைய அடிச்சுக்க ஆளே இல்ல!" அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். நான் கொப்புளம் வந்த விரலை ஐஸ் டப்பாவுக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.

இதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இந்த வருஷம்தான் வயிற்றில் அடித்தது. கூட்டம் நடக்கிற அதே சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு, எங்கள் கிரிக்கெட் டீமுக்கு செமி ஃபைனல்.

டீமின் பெயர் 'ஃபிரிஸ்கோ வேங்கைகள்'. வேங்கைகளின் சராசரி வயது நாற்பத்தாறு. பதினோரு பேருக்கும் சேர்த்து முழங்கால் பட்டி பதினாறு. லீக்கில் எட்டு வருஷமாக ஆடுகிறோம், முதல் ரவுண்டைத் தாண்டியதே இல்லை. இந்த வருஷம் மூன்று மேட்ச் மழையில் போய், இரண்டு டீம் ஆள் சேராமல் விலகி, என்ன ஏது என்று எங்களுக்கே புரிவதற்குள் செமி ஃபைனலில் இருந்தோம். நான் விக்கெட் கீப்பர். ஓட வேண்டாத இடம் அது ஒன்றுதான்.

கேப்டன், பக்கத்து வீட்டு மயில்சாமி. வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினான்.

"சேனா, சனிக்கிழமை வருவியா, மாட்டியா?"

"வருவேன்."

"வடை?"

"வடையாவது, வெங்காயமாவது!"

"அதையே கொஞ்சம் சத்தமாச் சொல்லு பாப்போம்."

"எதுக்குய்யா சத்தம்? கிச்சன் ஜன்னல் தொறந்திருக்குது."

கலாவதியிடம் நேரடியாகக் கேட்கலாம்தான். கேட்டால், "அஞ்சு மணிக்கு எழுந்து சுட்டுப் போட்டுப் போங்க, யாரு வேண்டாம்னாங்க?" என்பாள். பதில் சொல்ல முடியாத கேள்விகளை மரியாதையாகக் கேட்பதில் அவளை மிஞ்ச முடியாது. ஆகவே, தந்திரம்.

அந்த வாரம் ஜூமில் கமிட்டி மீட்டிங். தலைவர் பாலசுப்ரமணியன் அங்கிள் தழுதழுத்தார்.

"போன வருஷம் நான் ஐஸ் கட்டின்னு போட்டிருந்தேன்ப்பா. எவனோ அதை அழிச்சிட்டு, என் பேருக்கு நேரா 'பாயசம், நூத்தம்பது பேருக்கு'ன்னு எழுதிட்டான். அழுதுக்கிட்டே கிண்டினேன். ஷீட்டுக்கு ஒரு பாதுகாப்பு வேணாமா?"

நான் மியூட்டை எடுத்தேன்.

"அங்கிள், கவலைய விடுங்க. நானே ஒரு வெப்சைட் பண்ணித் தர்றேன். லாகின் வெச்சு. மெம்பர் மட்டும்தான் உள்ளே வர முடியும். மெம்பருக்கு ஒரு ஐட்டம். ஒருக்கா கன்ஃபர்ம் பண்ணிட்டா ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது."

திரை முழுக்கக் கைதட்டும் பொம்மைகள் பறந்தன. என் கணக்கு எனக்கு. சைட் என்னுடையது. அது திறக்கிற நேரத்தை வைப்பது நான். கலாவதி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத் திறந்து, முதல் ஆளாக உள்ளே போய், பேப்பர் பிளேட்டை அமுக்கிவிட வேண்டும். வீட்டுக்கு ஒன்று எடுத்தாகிவிட்டது, இன்னும் என்ன வடை என்று கேட்டுவிட வேண்டும். அப்புறம் சனிக்கிழமை என்னுடையது.

லாகின் பக்கம் என்பது என்ன? இரண்டு பெட்டி, ஒரு பட்டன். எனக்கு ஒன்பது நாள் பிடித்தது.

சிரிக்காதீர்கள். நான் கோட் எழுதிப் பதினோரு வருஷமாகிறது. இப்போது கம்ப்யூட்டரிடம் கேட்டால் அதுவே எழுதித் தருகிறது, எனக்கும் ஒரே நிமிஷத்தில் எழுதித் தந்தது. மிச்சமுள்ள நாளெல்லாம் பாலசுப்ரமணியன் அங்கிளுக்குப் போனது.

"சேனாபதி, தமிழ்க்காரங்க சைட்டுப்பா. பாஸ்வேர்டுல ஒரு 'ழ'வாவது இருக்க வேணாமா?"

"அங்கிள், கீபோர்டுல 'ழ' கிடையாதே."

"அந்த நெனப்புதான் நம்மள இந்த நெலமைக்குக் கொண்டுவந்திருக்கு!"

வைத்தேன். குறைந்தது எட்டு எழுத்து, ஒரு எண், ஒரு 'ழ'. பன்னிரண்டு பேரை வைத்துச் சோதனை போட்டோம். ஒருத்தர்கூட உள்ளே போகவில்லை. அங்கிள் 'ழ'வை வேறொரு இடத்தில் அடித்து, வெட்டிக் கொண்டுவந்து ஒட்டினார். ஒட்டியதும் தான் வைத்த பாஸ்வேர்டே மறந்துவிட்டது. மூன்று நாள் வீணானது.

கடைசியில் பாஸ்வேர்டையே தூக்கி எறிந்தேன். பெயரை அடி, பட்டனை அமுக்கு. மெம்பர் லிஸ்டில் உன் பெயருக்கு நேரே இருக்கிற போன் நம்பருக்கு ஆறு இலக்க ஓ.டி.பி. வரும். அதை அடித்தால் உள்ளே போகலாம். முப்பது விநாடிக்குள் அடிக்க வேண்டும், இல்லையென்றால் செல்லாது. பாதுகாப்பு என்றால் பாதுகாப்பாக இருக்க வேண்டாமா?

முடித்துவிட்டு நிமிர்ந்தால் கலாவதி பின்னால் நின்றாள்.

"ஏனுங்க, ஒம்பது நாளா இந்தப் பெட்டியத்தான் பண்ணிட்டிருந்தீங்களா?"

"பெட்டியா இது? பின்னாடி எவ்வளவு செக்யூரிட்டி இருக்குது தெரியுமா, அம்மிணி?"

"யாருக்குப் பயந்துட்டுங்க?"

"திருட்டுப் பசங்களுக்கு."

"நம்ம வடையத் திருடவா வரப்போறாங்க?"

"வடைய எவன் திருடுவான்? பேப்பர் பிளேட்டத்தான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஓ" என்றாள். அவ்வளவுதான். அந்த 'ஓ'வை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

சைட் திறக்கிற நேரம் ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி என்று அறிவித்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலிலிருந்து ஆறு வரை கலாவதி, மயில்சாமி சம்சாரம் தாமரைச்செல்வி, இன்னும் எங்கள் சப்டிவிஷன் பெண்கள் ஏறக்குறைய எல்லாரும் ஹனுமான் கோயிலில் பஜனையில் இருப்பார்கள். போன் பைக்குள் இருக்கும்.

நாலு ஐம்பத்தெட்டுக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். விரலைச் சொடுக்கினேன். ஐந்து மணி. பெயரை அடித்துப் பட்டனை அமுக்கினேன்.

"உங்கள் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டது."

என் போனைப் பார்த்தேன். அது சும்மா கிடந்தது. குலுக்கினேன். அணைத்துப் போட்டேன். முப்பது விநாடி போய்விட்டது. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் அனுப்பியதாகத்தான் திரை சொல்கிறது. யாருக்கு அனுப்புகிறது? மெம்பர் லிஸ்டைத் திறந்து என் பெயருக்கு நேரே இருந்த நம்பரைப் பார்த்தேன்.

கலாவதியின் நம்பர்.

ஐயையோ! அமெரிக்கா வந்த நாளிலிருந்து நான் செய்த காரியம் கண்முன் வந்து நின்றது. பல் டாக்டரா? கலாவதி நம்பர். பிளம்பரா? கலாவதி நம்பர். புல் வெட்டுகிறவர், கார் சர்வீஸ், நூலகம், எதில் படிவத்தை நீட்டினாலும் நான் எழுதியது அவள் நம்பரைத்தான். எவனும் என்னைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது பாருங்கள். இந்த நாட்டில் என்னை யாராலும் பிடிக்க முடியாது என்று பெருமையாக வேறு இருந்தேன். இப்போது என்னாலேயே என்னைப் பிடிக்க முடியவில்லை.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள், கிசுகிசுத்தாள்.

"ஏனுங்க, தீபாராதனை நேரத்துல? யாருக்கு என்ன ஆச்சுங்க?"

"ஒண்ணும் ஆகல, அம்மிணி. உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதை மட்டும் படி."

"அந்த நம்பருங்களா? எனக்கு மட்டுமில்லீங்க. இங்க அத்தனை பொம்பளைங்க பைக்குள்ளயும் ஒரே நேரத்துல டிங்கு டிங்குன்னு அடிக்குதுங்க. அர்ச்சகரு மணிய நிறுத்திப்போட்டு எங்களையே பாக்கறாரு."

அறுபத்துநாலு வீட்டுக்காரர்களும் என் ஜாதிதான் போலிருக்கிறது.

"அதை விடு. படி, படி, நேரம் போகுது."

"இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். நாலு... ஏழு..."

"சீக்கிரம்!"

"மூணுங்களா, எட்டுங்களா, இது?"

"நான் எப்படிப் பாக்கறது?"

"எட்டுதானுங்க. ரெண்டு... ஆறு... ஒண்ணு."

அடித்தேன். "நேரம் முடிந்தது" என்றது. எழுதினவன் யார் என்று தெரிந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன். மறுபடி அனுப்பினேன்.

"இப்ப வேற வந்திருக்குதுங்க. பழசப் படிக்கட்டுங்களா, புதுசையா?"

"புதுச!"

"கோவிக்காதீங்க. கோயில்ல நிக்கிறேன்."

அதுவும் காலாவதி. மூன்று தடவை தவறினால் கால் மணி நேரம் கதவு பூட்டிக்கொள்ளும் என்று வேறு நான் எழுதி வைத்திருந்தேன். பூட்டிக்கொண்டது. அதற்குள் மயில்சாமி வேலியில் முளைத்து, ஜன்னலைத் தட்டினான்.

"யோவ் சேனா! ஓ.டி.பி. எனக்கு வரல. என் சம்சாரத்துக்குப் போகுது!"

"உனக்கு எதுக்குய்யா ஓ.டி.பி.?"

"பேப்பர் பிளேட் எடுக்கத்தான்."

"துரோகி! அது நான் எடுக்கறதா இருந்தேன்!"

"நீ வடைக்காரன்ய்யா. உனக்கு எதுக்கு பிளேட்டு?"

பேச நேரமில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுக் கலாவதியை மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை அவள் முந்திக்கொண்டாள்.

"ஏனுங்க, நீங்க எதுக்கு அங்க கிடந்து அல்லாடறீங்க? நம்பர் எனக்குத்தானுங்க வருது. கால் மணி நேரம் கழிச்சு நானே உள்ள போய்ப் பண்ணிப்போடறேன். என்ன எடுக்கோணும், சொல்லுங்க."

வேறு வழியில்லை. குரலைத் தேனில் தோய்த்தேன்.

"பேப்பர் பிளேட் எடுத்துரு, அம்மிணி. வருஷா வருஷம் வடை வடைன்னு நீ கஷ்டப்படறது எனக்குப் பொறுக்கல. உனக்கும் ரெஸ்ட் வேணுமில்ல? சனிக்கிழமை பூரா நிம்மதியா இரு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமா."

"பதினாலு வருஷத்துல இப்பத்தானுங்க இப்படி ஒரு வார்த்தை சொல்றீங்க."

எனக்கே கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்லவன் நான்! இத்தனை நாள் எனக்கே தெரியாமல் போய்விட்டதே!

கால் மணி நேரம் கழித்துப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். லிஸ்டைப் பார்க்க லாகின் தேவையில்லை, அதில் முதல் வரி: 'பேப்பர் பிளேட் - கலாவதி.' பக்கத்தில் பச்சை டிக். ஹா! கீப்பிங் கிளவுஸை மாட்டிக்கொண்டு ஹாலில் இரண்டு சுற்று வந்தேன். சோபா குஷனை ஸ்டம்பிங் செய்தேன். அவள் வருவதற்குள் காபி போட்டு வைத்தேன். பதினாலு வருஷத்தில் அதுவும் முதல் தடவை.

கலாவதி வந்தாள். காபியைக் குடித்தாள். பிரசாதத்தை நீட்டினாள்.

"ரொம்ப சந்தோசமுங்க. எனக்கு அந்த வடைச் சட்டியோட வாசமே ஆகாது. மொத வருசம் மீட்டிங்குல நீங்கதான் எழுந்து, 'என் சம்சாரம் சுட்ட வடைன்னா ஊரே மணக்கும்'னு சொல்லிப்போட்டீங்க. நீங்க சொன்ன சொல்லுக்காகத்தான் வருசா வருசம் எழுதினேன்."

"இனிமே எழுதாதே, அம்மிணி."

"எழுதலீங்க. என்ற பேருக்கு பிளேட்டு எடுத்தேன். மெம்பருக்கு ஒண்ணுன்னு நீங்கதானுங்க வெச்சிருக்கறீங்க? நீங்களும் மெம்பரு. உங்க பேருக்கு நேரா வெறுமையா விட்டா நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். போனை எடுத்து லிஸ்டை உருட்டினேன். கடைசி வரிக்கு முந்தின வரி: 'மெதுவடை 300 - சேனாபதி.' பச்சை டிக்.

"முந்நூறா? இருநூறுதானே வழக்கம்!"

"இந்த வருசம் ஆள் சாஸ்தியாமுங்க."

"மாத்தணும்! உடனே மாத்தணும்!"

"ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாதுன்னு நீங்க சொன்னதா தாமரை சொன்னாளுங்க."

"நான் அட்மின்! என்னால முடியும்! லாகின் பண்ணினா..."

"பண்ணுங்க. நம்பர் வந்தாச் சொல்றேன். என்ன, போன்ல சார்ஜ் போயிருச்சுங்க."

அந்த வாரம் பூராவும் அவள் போனில் சார்ஜ் ஏறவே இல்லை.

நான் மட்டும் இல்லை. லிஸ்டைக் கீழிருந்து மேலாகப் படித்தேன். சாம்பார், மயில்சாமி. கேசரி, எங்கள் ஓபனிங் பேட்ஸ்மேன் கிட்டுசாமி. புளியோதரை, எங்கள் ஒரே ஸ்பின்னர் தீபக். ஐஸ் கட்டி, நாப்கின், சோடா, குப்பைப் பை எல்லாம் அவரவர் சம்சாரம் பெயரில். வேங்கைகள் பதினோரு பேரும் அடுப்படியில். செமி ஃபைனல் கைவிட்டுப் போனது. எட்டு வருஷக் கனவு, எண்ணெய்ச் சட்டியில் விழுந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, நிஜமாகவே அழுகை வந்தது.

சனிக்கிழமை காலை ஏழரை மணி. நான் என் கராஜில் முகமெல்லாம் எண்ணெய் வழிய நிற்கிறேன். மயில்சாமி அவன் கராஜில் அண்டா சாம்பாரைத் துழாவுகிறான். வாசலில் மினிவேன். தாமரைச்செல்வி எங்கள் கிட் பேக்கைத் தூக்கி உள்ளே போடுகிறாள். கலாவதி டிராக் பேன்ட், தொப்பி, கையில் என் கீப்பிங் கிளவுஸ்.

"எங்க போற, அம்மிணி?"

"செமி ஃபைனலுக்குங்க. டீம் போகாட்டித் தோத்ததா எழுதிருவாங்களாம். எட்டு வருசமா முழங்கால் தேயத் தேய ஆடறீங்க, பாவம். அதான் நாங்களே போறோம்."

"உங்களை எப்படி விடுவான்? லிஸ்டுல எங்க பேருல்ல இருக்கும்?"

"பேரு யாருங்க பாக்கறாங்க? கிரவுண்டுல போனுக்கு ஒரு நம்பர் அனுப்புவாங்களாம். அதைக் காட்டினா ஆடலாமாம். லீக்குல நீங்க பதிஞ்சு வெச்சிருக்கற பதினோரு நம்பரும் எங்களுதுதானுங்க."

மயில்சாமி கரண்டியோடு அண்டா மேல் சாய்ந்துவிட்டான். வேன் கிளம்பிப் போனது. என் சட்டியில் ஒரு வடை கருகியது.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தார்கள். வெயிலில் முகம் சிவந்து, பேன்ட் முழுக்கப் புல்லும் மண்ணுமாக. ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறார்கள். தாமரைச்செல்வி முப்பத்தொரு ரன். கலாவதி மூன்று ஸ்டம்பிங், இரண்டு கேட்ச்.

"எப்படி, அம்மிணி?"

"ஈரோட்டுல காலேஜ் டீமுக்கு நாந்தானுங்க கீப்பர்."

"ஒரு நாளும் சொல்லவே இல்லையே?"

"ஒரு நாளும் கேக்கவே இல்லீங்களே."

சூடாக நாலு வடையைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது.

"வருத்தப்படாதீங்க. அடுத்த சனிக்கிழமை ஃபைனலு. உங்களையும் டீம்ல சேத்திருக்கறோம். நீங்களும் கிரவுண்டுக்குள்ள வரோணும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஃபைனல்! கரண்டியை வீசி எறிந்தேன்.

"பேட்டிங்கா, அம்மிணி? இல்ல, கீப்பிங்கா?"

"ட்ரிங்க்ஸ் பிரேக்குலங்க. தண்ணி பாட்டிலோட."